மறுத்துப் பேச ஓர் ஆள்

இந்துமதியின் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு கொடுப்பினை மாதிரித்தான் தெரியும். திருப்பூர் மங்கலம் ரோட்டில் இருந்த அவர்களுடைய பனியன் கம்பெனியில் செக்கிங்கும் பேக்கிங்கும் அவள் பொறுப்பு. அங்கே அவள் எதைச் சொன்னாலும் "செரிங்க்கா" தான். வீட்டில் கணவர் கதிர்வேலும் அப்படியே. பேப்பரில் வந்த வட்டிச் செய்தியைப் பற்றியோ, பட்ஜெட்டைப் பற்றியோ அவள் ஏதாவது சொன்னால், "நீ படிச்சவ, நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொள்வார். அதில் கேலி கிடையாது. மனதாரத்தான் சொல்வார். அதுதான் அவளுக்குத் தாங்காது.

செக்கிங்கில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும், "இல்லக்கா, இது கறையில்ல, நூலே அப்பிடித்தேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். அவளை எல்லாரும் வாய்க்காரி என்றார்கள். இந்துமதிக்கு அவள் மேசைப் பக்கம் போனால் திரும்பி வர மனம் வராது. துணியைப் பற்றிய தகராறுதான் என்றாலும் தகராறு தகராறுதானே.

இந்த ஏக்கம் எங்கே தொடங்கியது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கணியூரில் பிறந்தவள். உடுமலைப்பேட்டையில் பி.ஏ. பொருளாதாரம், பிறகு கோயமுத்தூரில் எம்.ஏ., எம்.ஃபில். அந்தக் கல்லூரியில் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஆராய்ச்சி செமினார் நடக்கும். சர்வதேசப் பொருளாதாரமும் பொருளாதாரக் கொள்கையும் என்று தலைப்பு பெரிதாக இருக்குமே தவிர, நடப்பது லைப்ரரிக்குப் பின்னால் இருந்த ஒரு நீள அறையில். ஆள் கூடிவிட்டால் பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சைத் தூக்கி வர வேண்டும். ஒருவர் தாம் ஆராய்ந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். இரண்டாவது வாக்கியத்திலேயே யாராவது "அதெப்படி?" என்று குறுக்கே விழுவார்கள். அங்கே அதுதான் மரியாதை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்டால், சொன்னவர் பேச்சில் சரக்கில்லை என்று அர்த்தம்.

அவள் முறை ஒரு நாள் வந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வரலாம் என்று வாங்குகிற நாடுகளே வரம்பு கட்டி வைத்திருந்த காலம் அது. அந்தக் கோட்டா நம்மைப் போன்ற ஊர்களுக்குக் கெடுதல் என்று அவள் தொடங்கினாள். துறைத் தலைவர் பிடித்துக்கொண்டார். நம்மைவிட மலிவாகத் தைக்கிற பெரிய நாட்டுக்காரனுக்கும் அதே கட்டு இருப்பதால்தானே நமக்கு இந்த ஆர்டராவது வருகிறது, அதை அவிழ்த்துவிட்டால் யாரோடு போய் மல்லுக்கு நிற்பாய் என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். அதையும் பிரித்துப் போட்டார். அவள் கட்டிக்கொண்டு போனதெல்லாம் கொஞ்ச நேரத்தில் தரையில் கிடந்தது. கண்ணில் நீர் முட்டியது. பிறகு டீ வந்தது. அதே மனிதர் தன் தட்டிலிருந்த பஜ்ஜியை அவள் பக்கம் தள்ளி, அந்தக் கடைசி பாயிண்டை விட்டுவிடாதே, அதில் உயிர் இருக்கிறது என்றார். அந்தப் பஜ்ஜியைத் தின்றுகொண்டே அவள் அவரோடு மறுபடியும் சண்டைக்குப் போனாள்.

கணியூரில் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போட்டவர்கள் சாகும்வரை ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு ஒரே தட்டில் பஜ்ஜி தின்னலாம் என்பது அவளுக்கு அந்த நீள அறையில்தான் தெரிந்தது. அப்படி மறுக்கப்பட்டதில் தான் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது.

பி.எச்டி.க்கு இடம் கேட்டுக்கொண்டிருந்தபோது திருப்பூரிலிருந்து சாதகம் வந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "படிப்பு எங்கியும் ஓடிப் போயிராது கண்ணு. இந்த மாதிரி எடம் நிக்குமா?" என்று அவளுடைய அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். நல்ல இடம்தான். கதிர்வேல் குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார், அவளைக் கேட்காமல் ஒரு மெஷின் வாங்கமாட்டார். கேட்டுவிட்டு, அவள் சொன்னதற்குத் தலையாட்டுவார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், சென்னையில் ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஊரில் டாலரைத் தவிர வேறு பேச்சு இல்லை. நாற்பத்தாறு ரூபாய் வரைக்கும் இருந்த டாலர் சறுக்கிச் சறுக்கி நாற்பதுக்கும் கீழே போய் நின்றது. டாலரில் விலை பேசி ஆர்டர் எடுத்தவர்கள் சரக்கை அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்தார்கள். கோயில் விசேஷத்தில் பார்த்துக்கொண்டாலும் சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால் இன்றைக்கு டாலர் என்ன என்றுதான் கேட்டார்கள். மங்கலம் ரோட்டுக் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன மன்றம் இருந்தது. இந்த நெருக்கடியில் மன்றத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆள் வரவழைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செமினார் நடத்துவது. உலக வர்த்தகம், நாணய மாற்று, அரசாங்கக் கொள்கை எல்லாவற்றையும் பேசுவது.

முதல் மாதம் கதிர்வேல் போய்விட்டு வந்தார். எப்படி இருந்தது என்று அவள் ஆவலாகக் கேட்டாள். அருமையாக இருந்ததாம். என்ன கேட்டீர்கள் என்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். "வந்தவரைக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாதல்ல" என்றார். சால்வை போர்த்தினார்கள், சாப்பாடு போட்டார்கள், அனுப்பி வைத்தார்கள். ஒரு செமினாரை எப்படிச் சம்பந்தி விருந்தாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் சிரித்தாள். சிரித்த பிறகு என்னவோ போல் இருந்தது.

இரண்டாவது செமினாருக்கு அழைக்க மன்றத்துச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்கே வந்தார். கதிர்வேலுக்கு மூத்தவர், தூரத்துப் பங்காளி. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு நீட்டினார். அந்த ஊரில் எதற்குப் பத்திரிகை அடித்தாலும் அப்படித்தான். "குடும்பத்தோட வந்துருங்க" என்றார். எந்தப் பத்திரிகையைக் கொடுத்தாலும் சொல்லுகிற வார்த்தை அது.

அவர் வண்டி தெருமுனை தாண்டியதும் இந்துமதி, "நானும் வர்றனுங்க" என்றாள்.

கதிர்வேல் பத்திரிகையை ஒருமுறை பார்த்தார். "இது கல்யாணமில்லியே இந்து."

"குடும்பத்தோடன்னுதானுங்களே சொன்னாரு?"

"அது எல்லாருக்கும் சொல்றது." கொஞ்சம் யோசித்தார். "செரி. உனக்கு ஆசையா இருந்தா வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் உடுத்திக்கொண்ட சேலை, கல்யாணத்துக்கும் ஆகாது, கம்பெனிக்கும் ஆகாது என்கிற மாதிரி ஒன்று. வேண்டுமென்றேதான் அதை எடுத்தாள். மண்டபத்தில் அவளைத் தவிரப் பெண்கள் இல்லை. அவளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேர் பின்னால் போய்ப் பேசிக்கொண்டார்கள். பிறகு ஈஸ்வரமூர்த்திக்கே ஒரு வழி தோன்றி, முகம் மலர்ந்து ஓடி வந்து, "நல்ல வேளைங்க அம்மிணி வந்தீங்க, குத்துவிளக்கு நீங்களே ஏத்தீருங்க" என்றார். ஏற்றினாள். அவள் வந்த வேலை முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி.

பேச வந்தவர் பெயர் ஜெயபாண்டி. தேனிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். போர்த்திய சால்வையை மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்து குவிவதால் ரூபாய் ஏறுவது எப்படி, அதைத் தடுத்தால் விலைவாசி என்ன ஆகும், தடுக்காவிட்டால் திருப்பூர் என்ன ஆகும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். நடுநடுவே நிறுத்தி, எதிரில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "இது சொற்பொழிவு இல்லங்க, செமினாரு. நான் சொல்றதுல எங்க ஓட்டைன்னு நீங்க காட்டணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார்.

ஈஸ்வரமூர்த்தி எழுந்து, சார் பேச்சில் ஓட்டை என்பதற்கே இடமில்லை என்று பணிவாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே அந்த மனிதர் முகம் விழுந்ததை இந்துமதி பார்த்தாள். ஆசையாகச் சமைத்துவிட்டு உட்கார்ந்தால், வந்தவர்கள் வயிறு சரியில்லை என்று சொன்ன மாதிரி.

அவள் எழுந்து நின்றாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"எனக்கு ஒண்ணு ஒத்துவல்லீங்க சார்."

பக்கத்தில் கதிர்வேலின் கால் அசைந்தது. முன்வரிசைத் தலைகள் திரும்பின.

"ரூபா ஏறுனா நமக்கு நட்டம்ங்கறீங்க. அது கையில இருக்கற ஆர்டருக்குத்தானுங்களே? அடுத்த ஆர்டருக்கு நாம டாலர் வெலையை ஏத்திக் கேக்கலாமல்ல. அவங்களுக்கும் பனியன் வேணும், குடுத்துத்தானே ஆகோணும்? ஒரு சீசன் போனாத் தானாச் செரியாயிரும். இதுக்கு அரசாங்கம் எதுக்குங்க நடுவுல வரோணும்?"

"தப்பு மேடம்" என்றார் ஜெயபாண்டி.

மண்டபம் அப்படியே நின்றது. அவர் எதையும் கவனிக்கவில்லை. மேடையிலிருந்து ஒரு படி இறங்கியே வந்துவிட்டார்.

"விக்கிற ஆளு, வாங்குற ஆளு, ரெண்டு பேர மட்டும் வச்சுப் பேசுறீங்க. பக்கத்துக் கடைக்காரன மறந்துட்டீங்க. நம்ம ரூபா ஏறுச்சு. வங்கதேசத்துக்காரன் காசு ஏறல. அவன் பழைய வெலைக்கே குடுப்பான். நீங்க வெலைய ஏத்துனா வாங்குறவரு ஏன் உங்க கடையில நிக்கணும்?"

"அவங்களுக்கு நம்மளாட்டத் தைக்க வராதுங்களே."

"அது ஆசை மேடம், வாதமில்ல. வேற சொல்லுங்க."

அவர் சொன்னது சரி என்று அவர் வாயை மூடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக இதே தொழிலில் உழன்றுகொண்டு, பக்கத்துக் கடைக்காரனை எப்படி மறந்தோம் என்று நினைத்தாள். காது சூடாகியது. கோயமுத்தூரை விட்ட பிறகு இப்படி ஒரு சந்தோஷம் அவள் உடம்புக்குள் வந்ததில்லை.

"யோசிங்க. சாப்பாட்டுல பிடிச்சுக்கிறேன், நான் விடுறதா இல்ல" என்று சிரித்தார் அவர்.

நன்றியுரை அவசர அவசரமாக முடிந்தது. எல்லாரும் பந்திக்கு எழுந்தார்கள். இந்துமதி எந்தப் பக்கம் போனால் அவர் எதிரில் உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கதிர்வேல் தாழ்ந்த குரலில், "கெளம்பலாம்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றாள். "ஊட்டுல சாப்பிட்டுக்கலாம்" என்று அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

விசேஷத்துக்கு வந்தவர் கை நனைக்காமல் போனால், அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்கே தனக்கு மரியாதைக் குறைவு நடந்துவிட்டது, அதைச் சரி செய்யும்வரை நமக்குள் போக்குவரத்து இல்லை. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற ஈஸ்வரமூர்த்தி இவர்கள் செருப்பு மாட்டுவதைப் பார்த்து வெளிறிப் போனார். இந்துமதி திரும்பிப் பார்த்தாள். கை கழுவும் இடத்தில் ஜெயபாண்டி ஈரக் கையோடு நின்று யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

கார் ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் கதிர்வேல் சொன்னார்.

"அத்தனை பேருக்கு முன்னால அந்தாளு உன்னையத் தப்புன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"நான் சொன்னது தப்புதானுங்களே."

"இருக்கட்டும். தப்புன்னா அதுக்குன்னு சபையில சொல்லீருவாங்களா? என்ற ஊட்டுல உன்னைய நான் ஒரு சொல்லுச் சொன்னதுண்டா?"

இல்லைதான். தனக்காக அவர் பட்ட வலி உண்மையானது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு எப்படிச் சொன்னாலும் அது கேட்பதற்கு ஏதோ மாதிரி இருக்கும் என்றும் தோன்றியது. ரயில் போனது. கேட் திறந்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்குள் அந்தச் சண்டை நடந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கடைக்காரன் பழைய விலைக்குக் கொடுப்பான், சரி. ஆனால் அவன் எதைக் கொடுப்பான்? ஒரே டிசைனில் மலை மாதிரி ஆர்டர் வந்தால்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும். திருப்பூருக்கு வருவதோ பத்து டிசைன், ஒவ்வொன்றிலும் கொஞ்சம். அந்தச் சில்லறை ஆர்டரை அவன் தொடமாட்டான். அதற்கு வாங்குகிறவர் இங்கேதான் வர வேண்டும், விலை ஏற்றினாலும் வர வேண்டும். இதைக் கண்டுபிடித்தபோது அவள் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். இறக்கி வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாகச் சிரித்தாள். இது ஆசையில்லை, வாதம்.

யாரிடம் சொல்வது? கதிர்வேலிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "கரெக்டு" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே ஒரு சேதி கொண்டுவந்தார். நாளைக்கு மத்தியானம் ஈஸ்வரமூர்த்தி அந்தப் புரொபசரைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வருகிறார். கொஞ்சம் நன்றாகவே சமைத்துவிடு என்றார். எதற்கு வருகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பிடிக்கத்தான் வருகிறார் என்று அவள் மனது தானே முடிவு கட்டிக்கொண்டது. சமையல்கார மருதம்மாளைத் தேங்காய் அரைப்பதோடு நிறுத்திவிட்டு, நாட்டுக்கோழியைத் தானே வைத்தாள். வெங்காயம் உரிக்கும்போதும் மசாலா வதக்கும்போதும் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் அவர் எங்கே குறுக்கே விழுவார் என்றுகூட ஓர் இடத்தைக் குறித்து வைத்திருந்தாள்.

வந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி கையில் ஆப்பிளும் சாத்துக்குடியும் நிறைந்த பை. ஜெயபாண்டி அன்றைக்குப் பார்த்த ஆளாகவே இல்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஈஸ்வரமூர்த்தி அவரைப் பார்த்துக் கண்ணசைத்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வருத்தப்படுறேன். யோசிச்சுப் பாத்தா நீங்க சொன்னதும் சரிதான்."

இந்துமதிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பழப் பை, நுனியில் உட்கார்ந்த மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர். பிறகு புரிந்தது, மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் அவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"இல்லீங்க சார். நான் சொன்னது தப்புத்தானுங்க. நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். குரல் கொஞ்சம் கெஞ்சலாகவே வந்தது.

ஈஸ்வரமூர்த்தி தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தீங்களா சார், எங்க அம்மிணியோட பெருந்தன்மைய? எப்படி விட்டுக் குடுத்துப் பேசறாங்க பாருங்க." கதிர்வேலின் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு தெளிந்தது. எல்லாம் சுமுகமாகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து இந்த மாதிரிச் சங்கடமே வராது என்றார் ஈஸ்வரமூர்த்தி. செமினாரை நிறுத்தியாகிவிட்டது. அதற்குப் பதிலாக யோகா மாஸ்டர் ஒருத்தரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர் பாட்டுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார், யார் மனமும் நோகாது.

இலை போட்டாள். மூன்று ஆண்களும் உட்கார்ந்தார்கள். ஜெயபாண்டிக்கு இடப்பக்கம் கதிர்வேல், வலப்பக்கம் ஈஸ்வரமூர்த்தி. அவள் கோழிக் குழம்பை ஊற்றினாள். கரண்டியோடு அங்கேயே நின்றாள். இனி இந்த வீட்டுக்கு இவர் வரப்போவதில்லை. கோயமுத்தூர் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் அவள் போய்ப் பார்க்கிற தூரத்தில் அவர் இனி இல்லை.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

கதிர்வேல் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு சொன்னாள். வங்கதேசத்துக்காரர்களுக்குப் பெரிய ஆர்டர்தான் கட்டும். சில்லறை ஆர்டரை அவர்கள் தொடமாட்டார்கள். பத்து டிசைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். அப்போது நாம் விலையை ஏற்றினால் அவர்களுக்குப் போக்கிடம் ஏது? சமையலறையில் ஒத்திகை பார்த்த அளவுக்கு வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஜெயபாண்டியின் கை சோற்றில் நின்றது. கண் ஒரு மாதிரி ஒளிர்ந்தது. அந்த மண்டபத்தில் மேடையிலிருந்து ஒரு படி இறங்கினாரே, அந்த ஆள் ஒரு கணம் திரும்பி வந்தார். வாய் திறந்தது. "இல்ல மேடம், அந்தச் சில்லறை ஆர்டரே..."

ஈஸ்வரமூர்த்தி இருமினார். கதிர்வேல் தம்முடைய இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாண்டி வாயை மூடிக்கொண்டார். வந்ததைச் சோற்றோடு விழுங்கினார். "நல்ல பாயிண்ட் மேடம்" என்றார். "குழம்பு பிரமாதம். இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

அவள் ஊற்றினாள்.

வாசலில் ஈஸ்வரமூர்த்தி காரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒரு நிமிஷம் ஜெயபாண்டி தனியாக நின்றார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அவர் கார்ப் பக்கம் பார்த்தார். வராந்தாவில் பல் குத்திக்கொண்டு நின்ற கதிர்வேலைப் பார்த்தார். "விடுங்க மேடம். ஊருக்கு ஊரு ஒரு வழக்கம்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

கதிர்வேல் உள்ளே வந்து ஓர் ஆப்பிளை எடுத்து வேட்டியில் துடைத்தார். "செரியாப் போச்சு" என்றார். அவளுக்கும் ஒன்று நறுக்கிக் கொடுத்தார். அவள் வாங்கித் தின்றாள். நல்ல ஆப்பிள்தான்.

அந்தச் சில்லறை ஆர்டரே. அதற்கு மேல் என்ன? அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பார்? துணி மடிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதும், மகளோடு போனில் பேசி முடித்த பிறகும் அந்த அரை வாக்கியம் வந்து நின்றது. அவருடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். சொந்த வாதத்தைத் தானே மறுப்பது லேசாக இல்லை. எவ்வளவு நேர்மையாக முயன்றாலும் கடைசியில் கொஞ்சம் சலுகை காட்டத் தோன்றியது.

கார்த்திகை பிறந்து ஒரு நாள் பேக்கிங்கில் நின்றிருந்தாள். ஒரு மூலையில் போன வருஷத்துக் குழந்தைகள் டி-ஷர்ட் ஒன்று சாம்பிளாக மாட்டியிருந்தது. மஞ்சள் நிறம், நெஞ்சில் ஒரு வாத்து. அளவான ஆர்டராக வந்து, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே கடைகளில் நன்றாக விற்றதாக ஏஜெண்டே சொன்னார். மறுபடி கேட்பார்கள் என்று கதிர்வேல் நூல்கூடப் பார்த்து வைத்தார். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை?

அவள் அந்த வாத்தைப் பார்த்தபடி நின்றாள். சில்லறை ஆர்டர் என்பது வாங்குகிறவர் வெள்ளோட்டம் பார்க்கிற ஆர்டர். எது விற்கும் என்று தெரியாதபோது பத்து டிசைனை இங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்து வாங்குகிறார். அதில் ஒன்று விற்றுவிட்டால் அது சில்லறை ஆர்டராக இருப்பதில்லை, மலையாகிவிடுகிறது. மலையானதும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறது. நமக்கு எப்போதும் விற்காத ஒன்பதுதான் மிச்சம். அதற்கு விலை ஏற்றிக் கேட்டால் எவர் தருவார்?

வாதம் உடைந்தது. சுத்தமாக, நடுவில் பிளந்த மாதிரி. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, எவ்வளவு அழகான அடி என்று. பிறகுதான் அந்த அடி விழுவது தன் கம்பெனியின் மேல் என்று உறைத்தது. சுற்றிலும் பெண்கள் பனியனை மடித்துப் பாலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி ஏதோ கேட்டாள். அவள் காதில் விழவில்லை.

இதைத்தான் அவர் சொல்ல வந்தாரா? இதைவிட நல்லதாக வேறு ஒன்று வைத்திருந்தாரா? இதற்கும் ஒரு பதில் இருக்கக்கூடும் என்று மனதின் ஓர் ஓரம் அதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பதிலைக் கேட்டு இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவள் மேசையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி நின்றாள்.